தோசைக்கடையில் புதன்கிழமை

உன் மனுசன் காரை நிறுத்திவிட்டு வருகிறாரா என்று பரிமாறுகிற லிண்டா கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் அது ஓம் என்று சொல்லும் ஆட்டலாகப் போய்விட்டது தெரிந்தது. இனித் திருப்பி எடுக்க முடியாது, அவள் கோப்பி எடுக்கப் போய்விட்டாள். எங்கள் வழக்கமான இடம், கண்ணாடியோரம், சிவப்பு ரெக்ஸின் போட்ட நீள வாங்கு, வெடித்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. நான் எப்போதும் இருக்கிற பக்கத்தில் இருக்கிறேன். எதிரே அவருடைய பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வாசலில் இறக்கிவிட்டு, குளிரில் நடக்கவேண்டாம் என்று, காரைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருவார். அதற்குள் லிண்டா இரண்டு கோப்பி ஊற்றிவிடுவாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து இருக்கும்போது கோப்பி குடிக்கிற சூட்டுக்கு ஆறியிருக்கும். இன்றைக்கும் இரண்டு ஊற்றிவிட்டாள். இன்றைக்குப் புதன்கிழமை. புதன்கிழமையில் இந்தக் கடை வேறு கடைபோல இருக்கிறது, பிள்ளைகளின் சத்தம் இல்லை, வயதான வெள்ளைக்காரர் நாலைந்து பேர் தனித்தனியாக இருந்து பேப்பர் பார்க்கிறார்கள், சிரப் மணமும் வெண்ணெய் கருகும் மணமும் மட்டும் அதே மணம். அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியில், ஐந்தாம் மாடியில், வாய்க்குள் குழாயோடு படுத்திருக்கிறார். அவருக்காக ஒரு மெஷின் மூச்சு விடுகிறது. நான் சாப்பிட்டுவிட்டுப் போய் டொக்டரிடம் ஒரு சொல் சொல்லவேண்டும். மெஷினை நிற்பாட்டலாமா, வேண்டாமா.

டொக்டர் சின்னப் பெண். எங்கள் ஆரணியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். ஒவ்வொரு வசனமும் முடிய நிறுத்திவிட்டு ஆரணியைப் பார்ப்பாள், ஆரணி அதைத் தமிழில் எனக்குச் சொல்லவேண்டும். என் மகள் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பில் வேலை செய்கிறாள், பல் பிடுங்கிய பிறகு எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக்கூடாது என்று தமிழ் ஆட்களுக்குச் சொல்லுகிற அளவுக்குத் தமிழ் வைத்திருக்கிறாள். இதற்கான தமிழ் அவளிடம் இல்லை. "அம்மா, அப்பாவின்ர மூளைக்குள்ள ரத்தம் கனக்கப் போயிட்டுதாம். அது திரும்பி வராதாம்" என்றாள். எது திரும்பி வராது, ரத்தமோ என்று கேட்டேன். "இல்லையம்மா. அப்பா" என்றாள். டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இன்னொரு வசனம். "மெஷினை நிப்பாட்டுறதெண்டா நீங்கள்தான் சொல்லவேணுமாம். வைஃப்தான் சொல்லவேணுமாம்." நான் டொக்டரின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் நிறத்தில் ஓடுகிற ஆட்கள் போடுகிற சப்பாத்து. இவ்வளவு பெரிய கதையைச் சொல்லுகிறவள் ஏன் ஓடுகிற சப்பாத்தோடு நிற்கிறாள் என்று நினைத்தேன். இரவு சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், நான் ஆரணியைப் பார்த்தேன், ஆரணி இல்லை என்றாள். போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாக யோசித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றாள். ஆரணி லண்டனுக்குப் பெரியப்பாவோடு கதைக்கவேண்டும் என்று நின்றுவிட்டாள். "நீங்கள் முன்னால போங்கோ, நான் பின்னால வாறன்" என்றாள். நான் லிஃப்டில் இறங்கி, ரோட்டைக் கடந்து, யோசிக்காமல் இந்தக் கதவைத் தள்ளிவிட்டேன். கால்தான் கொண்டுவந்தது. அழுகை இன்னும் வரவில்லை. வரும் வரும் என்று பஸ்ஸுக்கு நிற்பதுபோல நிற்கிறேன். பல் டொக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கும், ஆனால் என்னுடைய கன்னமாக இருக்காது, அப்படித்தான் உடம்பு முழுக்க இருக்கிறது.

வழக்கமானதுதானே என்று லிண்டா கேட்டிருக்கிறாள். நான் அதற்கும் தலையை ஆட்டியிருக்கிறேன். மெனு அட்டையை எடுத்துக்கொண்டு போகாமல் விட்டுவிட்டாள். பெரிய அட்டை, பிளாஸ்டிக் ஒட்டியது, முழுக்கப் படம். இத்தனை வருஷத்தில் இதை ஒருநாளும் நான் கையில் எடுத்தது கிடையாது. பட்டர்மில்க் பான்கேக். ப்ளூபெரி. ஸ்ட்ரோபெரியும் கிரீமும். வாழைப்பழமும் வால்நட்டும். உருளைக்கிழங்கு பான்கேக், பக்கத்தில் ஆப்பிள் சோஸ். அடுப்பில் வைத்துப் பொங்கச் செய்கிற ஜெர்மன் பான்கேக், கிணற்று வாய்போல விளிம்பு எழும்பி நிற்கிறது. வாஃபிள். ஒம்லெட் என்று தனியாக ஒரு பக்கம். இவ்வளவும் இந்தக் கடையில் இருந்ததா. வெள்ளைக்காரன்ர தோசைக்கடை என்று அவர் சொல்லுவார். கனடாவுக்கு வந்த முதல் இரண்டு குளிர்காலமும் அவர் இந்தக் கடையின் பின்பக்கம் கோப்பை கழுவியவர். நான் அப்போது ஊரில். பிறகு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, நான் வந்து சேர்ந்தேன், வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தார். "நான் பின்கதவால போய் வந்த இடம், நீர் முன்கதவால வாரும்" என்றார். அப்போது முதலாளி கோஸ்டா என்ற கிரேக்கக் கிழவர். எழும்பி வந்து இவருடைய முதுகில் அடித்து, நவம், நவம் என்று கடை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். இவருடைய பெயர் நவரத்தினம். எனக்கு என்ன வேண்டும் என்று இவர் கேட்கவில்லை, மெனுவைப் பார்த்து, எங்கட நாவற்பழம் மாதிரி ஒரு பழம் போட்டது இருக்கு, அதைச் சாப்பிட்டுப் பாரும் என்று ப்ளூபெரியைச் சொல்லிவிட்டார். நாவற்பழம்போல நாக்கில் ஒன்றும் செய்யவில்லை. நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். அன்றையிலிருந்து எனக்கு ப்ளூபெரி. எனக்கு ப்ளூபெரி விருப்பமா என்று இப்போது யாராவது கேட்டால் என்ன சொல்லுவேன். தெரியாது. நல்லா இருக்கு என்று சொன்னதுதான் தெரியும்.

தட்டுகள் வந்துவிட்டன. என் முன்னால் ப்ளூபெரி, எதிரே உருளைக்கிழங்கு பான்கேக். அவருக்குச் சிரப் பிடிக்காது, தோசைக்கு ஆராவது தேன் ஊத்துவினமோ என்பார். கோட் பொக்கற்றுக்குள் சின்னப் போத்தலில் மிளகாய்ச் சம்பல் கொண்டுவருவார், நான்தான் சனிக்கிழமை இரவு இடித்து நிரப்பிக் கொடுப்பது. ஒருநாள் லிண்டா அது என்ன என்று கேட்டு முட்கரண்டி நுனியில் எடுத்து வாயில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் ஓட, ஓடிப்போய் ஐஸ் தண்ணீர் குடித்தாள். அவர் சிரித்த சிரிப்பு. வாயை மூடிக்கொண்டு தோள் மட்டும் குலுங்கச் சிரிப்பார். அடுத்த கிழமை அவளே வந்து அந்தப் போத்தலைத் தா என்று வாங்கித் தன் முட்டைக்குப் போட்டுக்கொண்டாள். கோட் வீட்டில் கொழுவியில் தொங்குகிறது. போத்தல் அதற்குள் இருக்கும். போன வியாழக்கிழமை வெளியே போக வெளிக்கிட்டு, கோட்டைப் போடுவதற்கு முதல், சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நான் குசினியில் நின்று, என்ன இவ்வளவு நேரம், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்காதேங்கோ, வீட்டுக்குள் குளிர் வருகுது என்று சத்தம் போட்டேன். அதுதான் அவர் கேட்ட கடைசிச் சொல்லாக இருக்குமா. குளிர் வருகுது. கேட்டிருப்பாரா, அதற்கு முதலே போய்விட்டதா. ஆம்புலன்ஸ்காரர் ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டார்கள். மற்றது காலோடு போனது. வீட்டு வாசலில் ஒன்று, ஆஸ்பத்திரிப் பையில் ஒன்று. இரண்டையும் ஒன்றாக வைக்கவேண்டும். ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தேன். சூடு தெரிகிறது. இனிப்பும் தெரிகிறது. தெரிகிறது, அவ்வளவுதான்.

பற்குணம் கிடந்த மாதிரி இவரும் கிடக்கவேண்டுமா. பற்குணம் இவரோடு தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்தவர், பாரிசவாதம் வந்து வயோதிபர் இல்லத்தில் வருஷக்கணக்காகப் படுத்திருந்தவர். சனிக்கிழமைகளில் இவர் போய்ப் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை போய்வந்து இரவு முழுக்கக் கதைக்கவில்லை. அடுத்த நாள் காலை, இதே மேசையில், தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அவன் என்னைப் பாக்கேல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தவன். நான் எழும்பி வரேக்கையும் சுவரைத்தான் பாத்தவன்." கொஞ்சம் பொறுத்து, "எனக்கு இப்பிடி ஒண்டு வந்தால், நீர்" என்றார். அப்போது லிண்டா கோப்பி ஜாடியோடு வந்துவிட்டாள். அவர் கோப்பையை அவள் பக்கம் தள்ளி, ஹாஃப், ஹாஃப் என்று விரலால் பாதி காட்டினார். அவள் பாதி ஊற்றினாள். பிறகு பனிக்காலத்து டயர் மாற்றவேண்டும், அந்த மெக்கானிக் கூடக் கேட்கிறான் என்று கதை போய்விட்டது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவர் போட்டிருந்த சாம்பல் ஸ்வெட்டர், அதன் கழுத்தில் நூல் இழுபட்டு நின்றது, வெளியே பனி தூறியது. வசனம் மட்டும் முடியவில்லை. எனக்கு இப்பிடி ஒண்டு வந்தால், நீர். நீர் விட்டிடும். நீர் விட்டிடாதையும். இரண்டும் அவருடைய குரலில் பொருந்துகிறது. இரண்டையும் அவர் சொல்வதுபோல எனக்குக் கேட்கிறது. விட்டிடும் என்று வைத்தால் அவர் வாய் அப்படி அசைகிறது, விட்டிடாதையும் என்று வைத்தால் அதற்கும் அசைகிறது. இந்த லிண்டா ஒரு நிமிஷம் பிந்தி வந்திருக்கக்கூடாதா. நேற்றிரவு லண்டனிலிருந்து இவருடைய தமையன் போன் எடுத்து, "பிள்ளை, அவசரப்படாதை. ஊர்க் கோயிலில நேர்த்தி வைச்சிருக்கு. கடவுள் இருக்கிறார்" என்றார். ஓம் என்றேன். எல்லாருக்கும் ஓம் என்கிறேன். டொக்டர் கேட்டால் அதற்கும் ஓம் என்று தலை தானாக ஆடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கார் விட இடமில்லையா என்று லிண்டா வந்து நின்றாள். எதிரே கோப்பி அப்படியே இருந்தது, ஆறி ஆவியும் நின்றிருந்தது. "சிலீப்பிங்" என்றேன். அவர் நித்திரை. பொய் இல்லை. அவள் சிரித்து, கொடுத்துவைத்த மனுசன் என்றாள், அப்படியானால் இது வீட்டுக்கா என்று உருளைக்கிழங்குத் தட்டைக் காட்டினாள். ஓம் என்றேன். பெட்டி எடுக்கப் போனாள். லிண்டாவின் காலில் வீக்கம், மேசைகளைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்கிறாள், போன ஞாயிறும் இப்படியா நடந்தாள். போன ஞாயிறு நாங்கள் வரவில்லை, ஆஸ்பத்திரியில் நின்றோம், மேலே கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் இந்தக் கடையின் கூரை தெரிகிறது, கூரையில் ஒரு பெரிய விசிறி சுற்றுகிறது. இவ்வளவு காலம் இங்கே இருந்து அந்தக் கட்டிடத்தைப் பார்த்தோம், ஒருநாளும் அது எத்தனை மாடி என்று எண்ணிப் பார்த்தது இல்லை. அவர் இல்லாவிட்டால் நான் எப்படி இங்கே வருவேன். எனக்குக் கார் ஓடத் தெரியாது. குப்பை எந்தக் கிழமை நீலப்பெட்டி, எந்தக் கிழமை கறுப்புப்பெட்டி என்று தெரியாது, அவர்தான் இழுத்துக்கொண்டு போய் வைப்பார். நிலக்கீழ் அறையில் ஹீட்டர் ஒரு சத்தம் போடும், அவர் இறங்கிப்போய் எதையோ தட்டுவார், சத்தம் நின்றுவிடும். எதைத் தட்டுவார். புருசன் சாகக் கிடக்கிறார், நான் ஹீட்டரில் எதைத் தட்டுவது என்று யோசிக்கிறேன். வேறு எதையும் மனம் பிடிக்கமாட்டேன் என்கிறது. பெரியதைப் பிடிக்கப் போனால் வழுக்கிக்கொண்டு சின்னதில் போய் நிற்கிறது. மெஷின் இருந்தால் அவர் இருப்பார், நான் தினம் இரண்டு பஸ் மாறி வந்து பக்கத்தில் இருப்பேன், கையைப் பிடிப்பேன், கை சூடாக இருக்கும். அது காணாதா, அவ்வளவு போதாதா. எனக்குக் காணும். அவருக்கு. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கண்கூடத் திறக்கவில்லை, சுவரையும் பார்க்கமாட்டார்.

எனக்கு இப்பிடி ஒண்டு வந்தால், நீர். திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து இடறுகிறது. அப்போதுதான், ப்ளூபெரி ஒன்றை முட்கரண்டியால் குத்தி எடுக்கும்போது, வேறு ஒன்று தோன்றியது. அவர் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லையோ. கேட்க வந்தாரோ. நீர் என்ன செய்வீர். அவர் என்னிடம் ஒன்றும் கேட்டுப் பழக்கமில்லாதவர், எதைச் சாப்பிடுகிறேன் என்றுகூடக் கேட்காதவர், அன்றைக்கு ஒருநாள் கேட்க வாயெடுத்தாரோ. அப்படியானால் அந்த வசனத்துக்கு முடிவு அவரிடம் இல்லை. நான் என்ன சொல்லியிருப்பேன். பேசாமல் இருங்கோ, காலங்காத்தால நல்ல கதை கதையுங்கோ என்று சொல்லியிருப்பேன். நிச்சயம் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவரும் சிரித்திருப்பார். ஆனால் இரவு லைட்டை நிற்பாட்டிய பிறகு, திரும்பிப் படுத்துக்கொண்டு, சுவருக்குச் சொல்லுவதுபோல, உங்களை அப்பிடிக் கிடக்க விடமாட்டன் என்றும் சொல்லியிருப்பேன். இரண்டாவதையும் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும். ப்ளூபெரி முட்கரண்டியில் இருந்தபடியே இருந்தது. தட்டில் வைத்தேன்.

லிண்டா வெள்ளைப் பெட்டியோடு வந்து, பான்கேக்கை எடுத்து அடுக்கிக்கொண்டே, உண்மையில் எங்கே அவர், சுகம்தானே, போன ஞாயிறும் உங்களைக் காணவில்லையே என்றாள். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். இருக்கிற இங்கிலீஷில் நான் ஒன்றைத் தேடி எடுத்தேன் என்று சொல்ல முடியாது, அதுவாகவே வந்தது. "ஹி கோயிங் டுடே" என்றேன். என் வாயிலிருந்து வந்ததை நானும் அவளோடு சேர்ந்துதான் கேட்டேன். இன்றைக்குப் போகிறார். லிண்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஊருக்கா, இந்தக் குளிரைவிட்டு வெயிலுக்கா, கெட்டிக்காரன், உன்னை ஏன் விட்டுவிட்டுப் போகிறார் என்றாள். ஓம் என்றேன். யெஸ். எவ்வளவு நாளுக்கு என்று கேட்டாள். "லோங்" என்றேன். அப்போது அவளுக்குப் பின்னால் ஆரணி நிற்பதைக் கண்டேன். கோட் பட்டன் பூட்டாமல், கையில் போனோடு, எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது, விளங்கியும்விட்டது. லிண்டா திரும்பி, அப்பா ஊருக்குப் போகிறாராமே என்றாள். ஆரணி என்னைப் பார்த்தாள். பிறகு லிண்டாவைப் பார்த்து, ஓம், போகிறார் என்றாள், நல்ல தெளிவான இங்கிலீஷில். பொறு என்று சொல்லிவிட்டு லிண்டா நொண்டிக்கொண்டு போய்ப் பேப்பர்க் கோப்பையில் சுடக் கோப்பி ஊற்றி, மூடி போட்டு, பாதிதான் ஊற்றினேன், அவருக்குப் பாதிதானே, வழிக்கு என்று சொல்லுங்கள் என்று ஆரணியின் கையில் வைத்தாள்.

வெளியே வந்தபோது ஆரணி என் கையைக் கோர்த்துக்கொண்டாள். குளிர் முகத்தில் அடித்தது. "பெரியப்பா ஏசுவார் அம்மா" என்றாள். ஏசட்டும் என்றேன். "நீங்கள் ஷுவரா?" என்றாள். எனக்குத் தெரியாது பிள்ளை, ஆனா அதுதான் என்றேன். பெட்டி என் கையில் சூடாக இருந்தது. லிஃப்டுக்குள் ஏறி ஐந்தை அமத்திய பிறகு அவள் அந்தக் கோப்பிக்கோப்பையின் மூடியைத் திறந்து, நின்ற நிலையில் முழுவதையும் குடித்தாள். சீனி போடாத கறுப்புக் கோப்பி, அவள் ஒருநாளும் குடிக்கிறதில்லை. குடிக்கும்போதே அழுதாள். நான் அவளுடைய முதுகைத் தடவினேன். எனக்கு அப்போதும் வரவில்லை. டொக்டர் அந்த மஞ்சள் சப்பாத்தோடு கதவடியில் நின்றாள். ஆரணி மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் நானே "ஓகே. ஸ்டொப்" என்றேன். டொக்டர் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள். வலி தெரியாமல் மருந்து கொடுப்போம், பிறகு குழாயை எடுப்போம், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், வேண்டிய நேரம் எடுங்கள் என்று ஆரணி சொல்லித்தந்தாள். நாங்கள் இல்லாத நேரம் அவரைத் துடைத்து, புதுத் துணி மாற்றி, தலையை வாரி விட்டிருந்தார்கள். பிழையான பக்கம் வகிடு எடுத்திருந்தார்கள். கையால் மாற்றிவிட்டேன். கன்னத்தில் ஒரு கிழமைத் தாடி, வெள்ளை வெள்ளையாய், கை வைத்தால் குத்தியது. அவர் ஷேவ் எடுக்காமல் பக்கத்துக் கடைக்கும் போகமாட்டார். இப்படியே அனுப்ப ஏலாது என்று ஆரணியிடம் சொன்னேன்.

அவள் கீழே இருக்கிற கடையில் ரேசரும் நுரையும் வாங்கி வந்தாள். நர்ஸ் பிலிப்பைன்ஸ் பெண், ஒன்றும் கேட்காமல் ஒரு சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், தான் செய்யவா என்று கையால் கேட்டாள். இல்லை என்றேன். நான் ஒருநாளும் அவருக்கு இதைச் செய்ததில்லை, கதவு திறந்திருந்தால் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். நுரையைப் பூசினேன். காதடியிலிருந்து கீழே இழுத்தேன், மெல்ல, கழுவி, திரும்பவும். நுரை போன இடத்தில் அவருடைய பழைய கன்னம் வந்தது. மற்றக் கன்னம். நாடி. கழுத்தில் ரேசரை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியவில்லை, நர்ஸ் விரலால் காட்டினாள். மெஷின் மூச்சு விட்டது, நெஞ்சு உயர்ந்து தாழ்ந்தது, நான் தாழும்போது இழுத்தேன். மேலுதடு மட்டும் மிச்சம். குழாயைப் பிடித்திருந்த டேப்பை நர்ஸ் ஒரு பக்கம் கழற்றிக் குழாயைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள். வீட்டில் ஷேவ் எடுக்கையில் அந்த இடத்துக்கு வரும்போது அவர் மேல் சொண்டை உள்ளே இழுத்துப் பல்லோடு ஒட்டி, கிழவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டு, மூக்கைக் கொஞ்சம் தூக்குவார். இழுக்காவிட்டால் வெட்டிவிடும். நான் குனிந்து அவருடைய காதுப்பக்கம், "இஞ்சேருங்கோ, சொண்டைக் கொஞ்சம் உள்ள இழுங்கோ" என்றேன். ரேசரைப் பிடித்தபடி நின்றேன். நர்ஸ் ஆரணியைப் பார்த்தாள். ஆரணி என் தோளைத் தொட்டு, "அம்மா" என்றாள். தொண்டைக்குள் ஏதோ ஒன்று மேலே ஏறி வந்துகொண்டிருந்தது, மெல்ல, வெகு தூரத்திலிருந்து.

"பொறு பிள்ளை" என்றேன். "அப்பா இழுக்கட்டும்."